ஆர்கானிக் இல்லாத வலி

வேல்பாண்டி போலீஸில் இருந்த முப்பது வருஷத்தில் ஒரு கத்தரி நாற்றுக்கூட நட்டவரில்லை. வரப்புத் தகராறு என்று வந்த சம்சாரிகளை ஸ்டேஷன் வாசலில் வெயிலில் உட்காரவைத்ததுதான் அவருக்கும் விவசாயத்துக்கும் இருந்த சம்பந்தம். அப்படிப்பட்டவர் விருப்ப ஓய்வு வாங்கி வந்த மூன்றாம் மாதம் பச்சைத் துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டார். ராஜபாளையம் தென்காசி ரோட்டில் ஒரு கடையைப் பிடித்து 'வேர்மடி ஆர்கானிக் அங்காடி' என்று பலகை மாட்டினார். பலகையின் அடியில், 'மண்ணின் மடியிலிருந்து நேராக உங்கள் மடிக்கு' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி.

அவர் மனைவி வெங்கடேஸ்வரி வாசலில் நின்று அந்த வரியை இரண்டு தடவை வாசித்தாள். மண்ணின் மடி என்பது மொத்த மார்க்கெட் என்று அவளுக்குத் தெரியும். முதல் நாள் காலையில் லாரியிலிருந்து மூட்டை இறங்கியபோது எண்ணி வாங்கியவளே அவள்தான்.

"எதுக்குட்டி சிரிக்க?" என்றார் வேல்பாண்டி.

"சிரிக்கல. வாசிச்சேன்."

கடை உரிமம் அவள் பேரில்தான் இருந்தது. அவர் வேலையில் இருக்கும்போதே ஏற்பாடுகளைத் தொடங்கிவிட்டதால் தன் பேரைப் போட முடியவில்லை. காட்டிய இடத்தில் எல்லாம் அவள் கையெழுத்துப் போட்டாள். கல்யாணப் பதிவிலிருந்து அதுவரை அப்படித்தான் போட்டு வந்திருந்தாள்.

வெங்கடேஸ்வரிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். தினம் பஸ் ஏறி ராஜபாளையம் வந்து மூன்று வருஷம் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். கனிம வேதியியலில் அவள்தான் வகுப்பில் முதல். ஆய்வுக்கூடத்தில் பேர் சொல்லாமல் ஒரு உப்பைக் கொடுத்தால், அரை மணி நேரத்தில் அதில் இருப்பது இன்ன உலோகம் என்று எழுதி மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவாள். பக்கத்து மேஜையில் நின்ற ரமீஜா அவள் நோட்டைப் பார்த்துத்தான் பாதி உப்பைக் கண்டுபிடித்தாள். ஆனால் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி என்கிற கரிம வேதியியல் மட்டும் வெங்கடேஸ்வரிக்கு ஏறவில்லை. கடைசி செமஸ்டரில் அந்த ஒரு பேப்பர் நின்றுபோனது. மறுபடி எழுதுவதற்குள் செட்டியார்பட்டியிலிருந்து போலீஸ் மாப்பிள்ளை வந்துவிட்டார். பட்டம் இல்லாமலே போயிற்று. இருபத்தைந்து வருஷமாக வேல்பாண்டி சண்டை வரும்போதெல்லாம் கையிலெடுக்கும் ஆயுதம் அதுதான். 'அரியர் வச்சவ' என்பார். அவர் பத்தாம் வகுப்பு.

கடையின் பின்கட்டு அவளுடைய இடம். மூட்டையைப் பிரித்து, நிறுத்து, பழுப்புக் காகிதப் பையில் போட்டு, சணல் கட்டி, பச்சை முத்திரை குத்த வேண்டும். சாதாரண அச்சுவெல்லம் பின்கட்டுக்குள் நுழைந்து பனைக்கருப்பட்டிக்குப் பக்கத்துத் தட்டில் போய் உட்காரும்போது 'நாட்டு வெல்லம்' ஆகிவிடும். கடலைப்பருப்பு 'மானாவாரிப் பருப்பு' ஆகும். காய்கறிக்கு வேல்பாண்டி தனி வழி வைத்திருந்தார். மார்க்கெட்டில் யாரும் தொடாமல் ஒதுக்கிய ஓட்டைக் கத்தரிக்காயை அள்ளிக்கொண்டு வந்து கூடையில் மேலாகப் பரப்புவார்.

"புழு கடிச்சிருக்கு பாருங்க. மருந்து அடிச்சா புழு கடிக்குமா?" என்பார். வாங்க வந்தவர்கள் அந்த ஓட்டையை நகையைப் பார்ப்பது மாதிரி பார்ப்பார்கள். மருந்தடித்த தோட்டத்திலும் புழு கடிக்கும், அதனால்தான் மறுபடியும் மருந்து அடிக்கிறார்கள் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மில் அதிகாரிகளின் வீட்டுப் பெண்கள், கிருஷ்ணன்கோவில் கல்லூரி வாத்தியார்கள், பாங்கில் ஓய்வு பெற்ற ஒருவர். எல்லோரும் படித்தவர்கள். பாங்க்காரர் ஒவ்வொரு கத்தரிக்காயையும் மூக்கில் வைத்து முகர்ந்து, "இதுதான்யா மண் வாசனை" என்பார். அது சாக்கு வாசனை.

பின்கட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்பது வெங்கடேஸ்வரிக்கு ஒருவிதத்தில் பிடித்திருந்தது. மனிதர்கள் எம்புட்டு லேசாக ஏமாறுகிறார்கள் என்று தினமும் பார்க்கக் கிடைத்தது. சென்னையில் விளம்பரக் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் முத்துக்குமரன் கடைக்காக இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கி, பச்சைத் துண்டு போட்ட அப்பாவின் படத்தைப் போட்டான். "யம்மா, ஒத்த விளம்பரம் குடுக்கல, பதினெட்டாயிரம் பேரு பாத்துருக்காவ. எல்லாமே ஆர்கானிக் ரீச்" என்று போனில் சொன்னான்.

"அதுக்கும் அதே பேர்தானா?"

"தானா பரவுனா அப்படித்தாம்மா சொல்லுவாவ."

பொய் தானாகப் பரவினாலும் அப்படித்தான் சொல்வார்கள்போல என்று நினைத்துக்கொண்டு அவள் முத்திரையைக் குத்தினாள்.

ஒரே ஒரு நாள் அவள் வாயைத் திறந்தாள். வாத்தியாரம்மா ஒருத்தி அரிசியைக் கையில் அள்ளி, "யூரியா போடாததுதான?" என்று கேட்டாள். வேல்பாண்டி தொண்டையைத் தொட்டு, "யூரியா சாக்கு எங்க தோட்டத்துப் பக்கமே வராதும்மா. எங்களது சுத்த ஆர்கானிக்" என்றார். அவருக்குத் தோட்டமே கிடையாது.

"யூரியாவும் ஆர்கானிக்தான்" என்று பின்கட்டிலிருந்து குரல் வந்தது.

வாத்தியாரம்மா எட்டிப் பார்த்தாள். வெங்கடேஸ்வரி பையைக் கட்டிக்கொண்டே சொன்னாள். "கரி இருக்குல்லா அதுல. கெமிஸ்ட்ரில அதுக்கு அதான் அர்த்தம். பருத்திக்கு அடிக்க மருந்துகூட முக்காவாசி ஆர்கானிக்தான். குடிச்சா சாவோம், ஆனா ஆர்கானிக்."

வாத்தியாரம்மா அரிசியைக் கூடையிலேயே போட்டுவிட்டுப் போனாள். வேல்பாண்டி கடையை அரைக் கதவு சாத்திவிட்டு உள்ளே வந்தார். "அரியர் வச்சவளுக்கு வாய்க்கொழுப்பப் பாரு. இனிமே யாவாரம் நடக்கையில உன் சத்தம் கேக்கக் கூடாது." அவள் அடுத்த பையை எடுத்துச் சணல் கட்டினாள். இப்படி ஒரு ஆளோடு சண்டை போட்டு ஜெயித்தால்கூடக் கேவலம் என்பது அவள் எண்ணம்.

கடையில் நன்றாகப் போன சரக்கு மஞ்சள்தூள். வேறெங்கும் கிடைக்காத நிறம். குழம்பில் அரைக் கரண்டி போட்டால் தட்டே பிரகாசிக்கும். 'நாட்டு விதை, நாட்டுச் சாணம், நிழலில் உலர்த்தியது' என்று அதற்குத் தனி அட்டை. எங்கோ ஒரு மொத்த வியாபாரி சாக்குச் சாக்காகத் தூளாகவே அனுப்பினான். அதைப் பொட்டலம் போடும் நாட்களில் வெங்கடேஸ்வரியின் முகம், மூக்கு, இமை எல்லாம் மஞ்சளாகிவிடும். இரண்டு வருஷம் அதைச் சுவாசித்தாள்.

வயிற்றுவலி எப்போது தொடங்கியது என்று அவளுக்குச் சரியாகச் சொல்ல வராது. தொப்புளைச் சுற்றித் துணியைப் பிழிவது மாதிரி பிழியும், செத்த நேரம் விட்டுவிடும், மறுபடி பிழியும். மலச்சிக்கல். படி ஏறினால் மூச்சு வாங்கியது. வாயில் எந்நேரமும் சாவியைக் கடித்த ருசி. ஆறு மாதம் பொறுத்துக்கொண்டு, பிறகு வேல்பாண்டியிடம் சொன்னாள். ராஜபாளையத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்.

ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். ரத்தம் குறைவு என்பதைத் தவிர எல்லாம் சரியாக இருந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேல்பாண்டியைப் பார்த்துப் பேசினார். வலி இருந்தவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"சார், ஆர்கானிக்கா இவங்களுக்கு ஒண்ணும் இல்ல. உறுப்பு எல்லாம் நல்லாருக்கு. இந்த வயசுல பொம்பளைகளுக்கு மனசுல இருக்கது வயித்துல வரும். டென்ஷன். ரத்தத்துக்கு மாத்திரை தாரேன், நிம்மதியாத் தூங்க ஒரு மாத்திரை தாரேன்."

"எனக்கு டென்ஷன் இல்ல டாக்டர்" என்றாள் வெங்கடேஸ்வரி.

"இருக்கவங்க எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க" என்று அவர் சிரித்தார். மேஜையில் வேர்மடிக் கடையின் தேன் பாட்டில் இருந்தது. பச்சை முத்திரை அவள் குத்தியதுதான், கொஞ்சம் கோணல்.

டாக்டர் சொன்னதில் வேல்பாண்டி ஒரே ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியிலேயே ஆரம்பித்துவிட்டார். "பாத்தியா, பெரிய டாக்டரே சொல்லிட்டாரு. உன் உடம்புல ஆர்கானிக்கே இல்லியாம். கடையில ஊருக்கே குடுக்கோம், நீ ரேஷன் அரிசியையும் பாக்கெட் பாலையும் தின்னுக்கிட்டுக் கெடக்க. உடம்பு எப்படித் தாங்கும்?"

"அவர் சொன்னது அது இல்லங்க. உறுப்புல கோளாறு இல்லன்னு சொன்னாரு."

"எனக்குக் காது இருக்கு."

மறுநாளிலிருந்து காலையில் வெறும் வயிற்றில் மஞ்சள் பால். ஒரு கரண்டி நிறைய, கடைத் தூள். வேல்பாண்டி எதிரில் நின்று குடிக்கவைப்பார். அக்கறை என்று அதற்குப் பேர். டம்ளர் காலியாகும் வரை அவர் நிற்கும் நிற்பில் ஸ்டேஷன் நிற்புதான் தெரிந்தது. அவர் மட்டும் அதைத் தொடுவதில்லை. காலையில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் டீ குடித்தால்தான் அவருக்கு வெளிக்குப் போகும். வெங்கடேஸ்வரி குடித்தாள். குடிக்காவிட்டால் ஒரு மணி நேரம் பேச்சுக் கேட்க வேண்டும். அந்தப் பேச்சைவிடப் பால் பரவாயில்லை என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகப் பின்னால் தன்னை அவள் மன்னிக்கவில்லை.

நாலு மாதத்தில் வலி இரட்டிப்பாயிற்று. கை விரல்கள் மரத்துப்போய்ச் சணல் கட்ட முடியவில்லை. பல் ஈறில் ரத்தம் கசிந்தது. தம்பி வீட்டு விசேஷத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனவள், அந்தச் சாக்கில் அங்கே ஒரு பல் டாக்டரிடம் போனாள். டாக்டர் பேர் கார்த்திகா. படிப்பு முடித்து இரண்டு வருஷம்கூட ஆகாத பெண். விளக்கை இழுத்து வாய்க்குள் பார்த்தவள், கண்ணாடியை வைத்துவிட்டு மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

"அம்மா, நீங்க பேட்டரி கம்பெனில வேலை பாக்குறீங்களா?"

"இல்ல. ஏன்?"

"பெயிண்ட்? பழைய இரும்பு உருக்குற எடம் எதும் வீட்டுக்குப் பக்கத்துல?"

"நான் ஆர்கானிக் கடைல பொட்டலம் போடுதேன்."

கார்த்திகா ஒரு கைக்கண்ணாடியை அவளிடம் கொடுத்து, கீழ் உதட்டை விரலால் இழுத்துக் காட்டினாள். ஈறு பல்லைத் தொடும் ஓரத்தில் நூல் வைத்து வரைந்தது மாதிரி நீலக் கறுப்பில் ஒரு கோடு ஓடியது. "புத்தகத்துலதான் பாத்துருக்கேன். நான் பல் டாக்டர்தாம்மா, உறுதியாச் சொல்ல மாட்டேன். ஆனா ரத்தத்துல லெட் எம்புட்டு இருக்குன்னு பாக்கணும். இங்கன எடுத்து அனுப்புனா ஒரு வாரத்துல வந்துரும்."

லெட். காரீயம். வெங்கடேஸ்வரி நாற்காலியில் சாய்ந்தபடி கண்ணை மூடினாள். வயிற்றுப் பிழிவு, ரத்தக் குறைவு, மரத்த விரல், வாயில் உலோக ருசி. காரீயம் உடம்பில் என்ன செய்யும் என்பது மூன்றாம் வருஷக் கனிமப் புத்தகத்தில் ஒரு பத்தியாக இருந்தது. பரீட்சைக்கு வராது என்று அந்தப் பத்தியை மட்டும் எல்லோரும் தாண்டிப்போவார்கள். அவள் படித்திருந்தாள். மஞ்சளாகப் பளபளக்கும் காரீய உப்பு ஒன்று உண்டு என்பதும், பெயிண்டில் அதைப் போடுவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

ரத்தம் கொடுத்துவிட்டு ராஜபாளையம் திரும்பவில்லை, அன்றிரவு தம்பி வீட்டிலேயே தங்கினாள். ரமீஜா இப்போது கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்தாள். மறுநாள் வெங்கடேஸ்வரி, விசேஷத்துக்கென்று தான் கொண்டுவந்திருந்த பச்சை முத்திரை குத்திய மஞ்சள்தூள் பொட்டலம் ஒன்றோடு கல்லூரி பஸ்கள் நிற்கும் வாசலில் போய் நின்றாள்.

"ஏட்டி, என்ன இப்படி வெளுத்துப் போயிட்ட?" என்றாள் ரமீஜா.

"அதான் பாக்க வந்தேன். ஒரு சால்ட் பாக்கணும்."

மாணவர்கள் சாப்பிடப் போன நேரம். ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, தூளைக் கொட்டி, அரிசியில் கல் அரிப்பது மாதிரி வெங்கடேஸ்வரி அரித்தாள். லேசான தூள் தண்ணீரோடு போயிற்று. அடியில் கனமாக ஒரு படிவு தங்கியது, கண்ணைக் கூசும் மஞ்சள். அதைக் கிண்ணத்தில் போட்டு எரித்தார்கள். மஞ்சள், மாவு, தவிடு, கரி உள்ள எல்லாமே புகையாகப் போய்விட்டது. மிஞ்சிய சாம்பலை அமிலத்தில் கரைத்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக ஊற்ற ஊற்ற, புத்தகத்தில் எந்த வரிசையோ அதே வரிசையில் நடந்தது. முதலில் வெள்ளையாக வீழ்படிவு. கொதிநீரில் அது கரைந்தது. கடைசித் துளியில் குழாய் முழுக்க மஞ்சளாகத் திரிந்தது. சூடாக்கினால் மறைந்தது. ஆறவைத்தபோது பொன்துகள் மாதிரி மினுக்கிக்கொண்டு மெதுவாக இறங்கியது.

"காரீயம்தான்" என்றாள் ரமீஜா. "எம்புட்டு அழகா வருது பாரு, பாவி."

வெங்கடேஸ்வரி குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகும் கை தப்பவில்லை. அதில் ஒரு நொடி சந்தோஷப்பட்டாள். அடுத்த நொடி அந்தச் சந்தோஷத்தின் மேல் காறித் துப்பலாம் போலிருந்தது. அந்த நிறம் மஞ்சளுக்கு வராது என்று அவளுக்கு முதல் சாக்கைப் பிரித்தபோதே தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். ஏமாறுகிறவர்களைப் பார்த்து இரண்டு வருஷம் பின்கட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே முத்திரை குத்தியிருக்கிறாள். பாங்க்காரரைவிட, டாக்டரைவிட, பச்சைத் துண்டைவிட மட்டமான ஒருத்தி அந்தக் கடையில் இருந்திருக்கிறாள்.

"டாக்டர் ஆர்கானிக்கா ஒண்ணும் இல்லன்னாரு" என்றாள் ரமீஜாவிடம். "அது வாஸ்தவம்தான். கனிமத்தப் போய்க் கரிமத்துல தேடுனா எப்படிக் கெடைக்கும்?"

ரமீஜா சிரிக்கவில்லை. "மொதல்ல உன் புருஷன்கிட்ட சொல்லு. அப்புறம் ஊருக்குச் சொல்லு."

வேல்பாண்டியிடம் சொன்னாள். அவர் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டார். காரீயம் என்றால் என்ன, மீள முடியுமா, இப்போது வலிக்கிறதா என்று ஒன்றும் கேட்கவில்லை.

"எத்தன சாக்கு இருக்கு?" என்றார்.

"ரெண்டு முழுசு. ஒண்ணு பாதி."

யோசித்தார். முப்பது வருஷம் பஞ்சாயத்துப் பேசிய முகம் திரும்பி வந்தது. "கடைல வைக்க வேண்டாம். ஆலங்குளம் பக்கம் ஒரு கோயில் கொடைக்கு அன்னதானச் சாமான் கேட்டிருக்காவ. நன்கொடையா அனுப்பிருவோம். கொழம்புல கெடந்தா ஒரு நேரச் சாப்பாடு, யாருக்கு என்ன ஆயிரப் போகுது?"

வெங்கடேஸ்வரி அவரைப் பார்த்தாள். இந்த மனிதரிடம் தனக்கு இனிக் கோபம்கூட வராது என்பது அவளுக்கு அப்போது தெரிந்துபோயிற்று. கோபப்பட எதிரில் ஒரு ஆள் இருக்க வேண்டும்.

"சரி" என்றாள். "நாளைக்கு மூட்டை கட்டி வைக்கேன்."

மறுநாள் அவர் டீக்கடைக்குப் போன நேரம் பார்த்துப் பின்கட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பஸ் ஏறி விருதுநகர் போய், உணவுப் பாதுகாப்பு அலுவலகம் எங்கே என்று மூன்று பேரிடம் விசாரித்துப் போய்ச் சேர்ந்தாள். அங்கிருந்த அதிகாரி மனுவை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கடை உரிமம் யார் பேர்லம்மா?"

"வெங்கடேஸ்வரி."

"புகார் குடுக்குறது?"

"வெங்கடேஸ்வரி."

"உங்க மேல நீங்களே புகார் குடுக்கீங்களா?"

"பொட்டலம் போட்டது நான்தான. வேற யாரு மேல குடுக்க?"

அவர் பேனாவை மூடிவைத்தார். "ஆர்கானிக்னு போட்டுருக்கீங்களே, அதுக்குச் சான்றிதழ் எதும் இருக்கா?"

"பலகை இருக்கு" என்றாள்.

அன்று மத்தியானமே ஆட்கள் வந்தார்கள். மாதிரி எடுத்தார்கள், சாக்கில் முத்திரை வைத்தார்கள். வேல்பாண்டி தன் பழைய பதவியைச் சொல்லிப் பார்த்தார். வந்தவர்களில் ஒருவன் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தான். அதே வாரம் வெங்கடேஸ்வரியின் ரத்த முடிவு வந்தது. இருக்கலாம் என்று சொல்லும் அளவைப்போலப் பத்து மடங்குக்கு மேல். மதுரைக்குப் போய் மாத்திரை எழுதி வாங்கி வந்தாள். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் மாத்திரை. அதை விழுங்கிய நாட்களில் வலி நூல் நூலாக விட்டது.

ராஜபாளையத்து டாக்டரிடமும் அந்த முடிவைக் கொண்டுபோய்க் காட்டினாள். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தாளா என்றால், கொஞ்சம் எதிர்பார்த்தாள். அவர் ஆர்வமாக வாசித்தார். "ரொம்ப அபூர்வமான கேஸும்மா. இதுல ஒரு ஜெராக்ஸ் குடுத்துட்டுப் போங்க, எங்க டாக்டர்கள் கூட்டத்துல பேசணும்" என்றார். தேன் பாட்டில் மேஜையில் இல்லை.

செய்தி ஊரில் பரவியது. ஒரு விளம்பரமும் இல்லாமல், முத்துக்குமரன் கணக்கில் வந்த பதினெட்டாயிரத்தைவிட வேகமாகப் பரவியது. ஆனால் பரவியது காரீயம் இல்லை. புருஷனைப் பொண்டாட்டியே காட்டிக்கொடுத்துவிட்டாள் என்பதுதான் செய்தி. பாங்க்காரர் வேல்பாண்டியின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். "அவளச் சொல்லிக் குத்தமில்ல சார், மருந்து மூளைக்கு ஏறிருச்சு" என்று வேல்பாண்டி எல்லோரிடமும் பெருந்தன்மையாகப் பேசினார். வழக்கு அவள் பேரில் நடந்தது. அபராதமும் அவள் பேரில்தான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள் போய் நின்றாள், கேட்டதற்கு ஆமாம் என்றாள். மொத்த வியாபாரியின் பேரையும் எழுதிக் கொடுத்தாள். அவன் என்ன ஆனான் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. வேல்பாண்டி பலகையைக் கழற்றினாரே தவிரத் துண்டைக் கழற்றவில்லை. இரண்டு மாதத்தில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் இயற்கை வாழ்வு பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். போனார். பொன்னாடையோடு வந்தார்.

அவர் அந்தப் பொன்னாடையை மடித்துக்கொண்டிருந்த சாயங்காலம், வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பாண்டிசெல்வி என்று பேர். மில் அதிகாரி ஒருவரின் மனைவி, கடைக்கு வாரம் தவறாமல் வந்தவள். ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒன்று அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"அக்கா, தப்பா நெனைக்காதிய" என்றாள். "கடை மூடுனதுல இருந்து நல்ல மஞ்சத்தூளே கெடைக்கல. எதப் போட்டாலும் கொழம்பு வெளுத்துத் தெரியுது. வீட்டுக்குன்னு எடுத்து வச்சது கொஞ்சம் இருந்தாத் தருவீயளா? என்னமோ கலப்படம்னு சொன்னாவ, ஆனா அந்தக் கலரு வேற எதுலயும் வரல."

வெங்கடேஸ்வரிக்கு வாயில் ஒரு வார்த்தை வந்து நின்றது. பாண்டிசெல்வி கட்டியிருந்த சேலை, கையில் இருந்த விலை உயர்ந்த போன், படித்த முகம் எல்லாவற்றுக்கும் பொருத்தமான வார்த்தை. அதைச் சொல்லியிருப்பாள். அதற்குள் கண் பிள்ளையின் மேல் போயிற்று. வெளுத்த உதடு. நின்றபடியே வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தது.

"பிள்ளைக்கு என்ன?"

"ஒண்ணுமில்லக்கா. பள்ளிக்கொடம் போக மடி, ஒரே சோம்பல். காலைல ஆனா வயித்த வலிக்குங்கா. டாக்டரு சும்மா நடிப்புன்னு சொல்லிட்டாரு."

"அந்த மஞ்சள இவளுக்குப் பால்ல போட்டுக் குடுத்தியளா?"

"தெனமும். உடம்புக்கு நல்லதுல்லா."

வெங்கடேஸ்வரி குனிந்து, "ஏட்டி, வாயத் தொற" என்றாள். பிள்ளை அம்மாவைப் பார்த்துவிட்டுத் திறந்தது. உதட்டை இழுத்துப் பார்த்தாள். கோடு இருந்ததா இல்லையா என்று அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை. உள்ளே போய்ச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தன் மதுரைச் சீட்டுகள் இருந்த பையை எடுத்து வந்தாள்.

"எங்கட்டி போற?" என்றார் வேல்பாண்டி உள்ளிருந்து. அவள் செருப்பை மாட்டினாள்.

"ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆறு மணிக்கு ஒரு பஸ் இருக்கு" என்றாள் பாண்டிசெல்வியிடம். "இவளுக்கு ரத்தம் எடுக்கணும். நானும் வாரேன். நடங்க."

"எதுக்குக்கா, இப்பமேவா? அவிய ஆபீஸ்ல இருந்து வந்துரட்டும், கேட்டுட்டு..."

"அவியட்ட பொறவு கேக்கலாம்."

பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். மரத்த விரல்களுக்கு இன்னும் முழு உணர்ச்சி வரவில்லை. சின்னக் கை நழுவிவிடாமல் இருக்க இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. பாண்டிசெல்வி பின்னாலேயே வந்தாள். பஸ் வரும் வரையிலும், பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும், அந்த மஞ்சள் எவ்வளவு நன்றாக இருந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.